மூன்று தெருவில் மூன்று நாக்கு

சகோதரிகளே, உங்கள் வீட்டு வரி ரசீது எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

பால் கணக்கு எங்கே என்று கேட்டால் உடனே சொல்வீர்கள். சலவைக்குப் போட்ட துணி எத்தனை என்று கேட்டால் விரல் மடக்காமல் சொல்வீர்கள். வீட்டு வரி ரசீது என்றதும், "அதெல்லாம் அவர் பீரோவிலே இருக்கும்" என்றுதானே பதில் வருகிறது? நானும் வெகு காலம் அந்தப் பதிலைத்தான் சொல்லி வந்தேன். அந்த ரசீதைத் தேடி எடுத்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படிக்கும்படி என்னைச் செய்தவர் ஒரு மேயர் அபேட்சகர்.

எந்த ஊர், எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். சொல்லமாட்டேன். மேயரை ஊர் ஜனங்களே நேராக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த சமயம் அது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காலை பத்து மணிக்கு எங்கள் தெருவுக்கு வந்தார். எங்கள் தெரு பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்கள் தெரு. வாசல்தோறும் நின்று கும்பிட்டார். ஆரத்தி எடுத்தவர்களுக்குத் தட்டில் என்ன விழுந்தது என்பது இங்கே வேண்டாம். "தாய்மார்களே! நீங்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டிய வீடு. அதற்கு இத்தனை வரியா? நான் மேயரானால் வீட்டு வரியைப் பாதியாக்கிக் காட்டுகிறேன்" என்றார். பேஷ், நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டு நான் சாதம் வடிக்கப் போய்விட்டேன்.

மத்தியானம் என் கணவர் கடைத்தெருவிலிருந்து மளிகைச் சாமானோடு திரும்பினார். அங்கேயும் அவர் வந்திருந்தாராம். வியாபாரிகள் நடுவில் நின்றுகொண்டு, "கடைக்காரர்கள் தலையில்தான் இந்த ஊர் பாரம் முழுவதும் இறங்குகிறது. வீட்டுக்காரர்கள் கொடுப்பது சொற்பம். இந்த அநியாயத்தை மாற்றி உங்கள் வரியைக் குறைப்பேன்" என்று பேசினாராம். ஒரே கைதட்டலாம்.

மறுநாள் காலை, எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "ஏம்மா, நேத்து உங்க தெருவுக்கு வந்தாரே, உங்ககிட்டே என்ன சொன்னாரு?"

சொன்னேன்.

அவள் கையிலிருந்த தேங்காய் நார் அப்படியே நின்றது. "எங்க பக்கம் சாயங்காலம் வந்தாரும்மா. வாய்க்கால் ஓரத்திலே நின்னு, 'பெரிய வீடு, பெரிய கடை வச்சிருக்கிறவங்ககிட்டே ஒழுங்கா வரி வாங்கினா, இங்கே வீட்டுக்கு ஒரு குழாய், தெருவுக்கு நாலு விளக்கு, வாய்க்காலுக்குச் சுவர், எல்லாம் ஒரே வருஷத்திலே போடலாம். நான் வாங்கிக் காட்டறேன்'னாரு. அந்தச் சுவர் வந்தா மழைக்காலத்திலே தண்ணி உள்ளே வராதேன்னு என் மருமக அழுதேபுட்டா."

போன மழையில் அவள் பேரனுக்கு வந்த காய்ச்சல் எனக்குத் தெரியும். அவள் பதினைந்து நாள் வேலைக்கு வராததில் நான் முகம் சுளித்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஆக, ஒரே நாளில், ஒரே மனிதர், ஒரே வரியைப் பற்றி, மூன்று தெருவில் மூன்று நாக்கால் பேசியிருக்கிறார். மூன்றும் எங்கே வந்து சந்தித்தன என்கிறீர்கள்? என் சமையல் கட்டில்! ஊரிலே எந்த மேடையிலும் சந்திக்காதவை அங்கே சந்தித்துவிட்டன. மூன்று தெருவுக்கும் போய்வருகிறவர்கள் வீட்டுப் பெண்களும், வீட்டு வேலைக்கு வருகிற பெண்களும்தானே!

பிரசாரத்தின் கடைசி நாளில் ஜீப் மறுபடியும் எங்கள் தெருவுக்குள் வந்தது. நாங்கள் நாலைந்து பேர் வாசலில் நின்றோம். கேட்பதா வேண்டாமா என்று எங்களுக்குத் தயக்கம். அந்த அம்மாள்தான் புடைவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போனாள்.

"ஐயா, எங்க குழாய்க்குப் பணம் இவங்க வீட்டு வரியிலேருந்து வரும்னு சொன்னீங்க. இவங்ககிட்டே வரியைப் பாதியாக்கறேன்னு சொன்னீங்களாம். அப்ப எங்களுக்குக் குழாயும் பாதிதான் வருமா?"

ஜீப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "ஜெயிச்சு வந்ததும் எல்லாருக்கும் நல்லதே செய்வேன் அம்மா" என்றார். ஜீப் நகர்ந்துவிட்டது.

அவர் ஜெயித்தாரா என்று கேட்பீர்கள். ஜெயித்தார். வரியைக் குறைத்தாரா? இல்லை. கூட்டினாரா? அதுவும் இல்லை. ஐந்து வருஷமும் வரியைத் தொடவே இல்லை. வாய்க்கால் ஓரத்தில் இரண்டு தெருக்குழாய் வந்தது. சுவர் வரவில்லை.

"போகட்டும், ஏற்றவில்லையே, அந்த மட்டும் லாபம்" என்று நானும் அன்றைக்கு நினைத்தேன். அந்த லாபம் எப்படிப்பட்டது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் ஒரு பழைய கதை.

சென்னைக் கார்ப்பரேஷன் பிறந்ததே வீட்டு வரித் தகராறில்தான் என்றால் நம்புவீர்களா? கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டைக்கு வெளியே இருந்த ஜனங்களிடம் வரி வசூலிக்கப் பார்த்தது. ஜனங்கள் கடையை அடைத்தார்கள், கூட்டம் போட்டார்கள், கொடுக்கமாட்டோம் என்றார்கள். லண்டனில் கம்பெனியின் பெரிய தலையாக இருந்த ஜோசையா சைல்ட் என்பவர் பெரிய கெட்டிக்கார வியாபாரி. அதிகாரம் செய்து ஆறு பென்ஸ் கேட்டால் முணுமுணுக்கிற ஜனங்கள், தாங்களே உட்கார்ந்து தங்களுக்கு விதித்துக்கொண்டால் ஊர் நன்மைக்கு ஐந்து ஷில்லிங்கூட மனமுவந்து கொடுப்பார்கள் என்று அவர் கணக்குப் போட்டார். ஐந்து ஷில்லிங் என்பது ஆறு பென்ஸைப் போலப் பத்து மடங்கு! அதன்படி 1687 டிசம்பரில் சாசனம் பிறந்தது. 1688 செப்டம்பர் 29 அன்று சென்னையில் ஒரு மேயரும், பன்னிரண்டு ஆல்டர்மென்களும், அறுபது பர்ஜஸ்களும் பதவி ஏற்றார்கள். நதானியேல் ஹிக்கின்ஸன் முதல் மேயர்.

சைல்ட் நம் நன்மைக்காக அப்படி எண்ணவில்லை. கம்பெனியின் பெட்டி நிறையத்தான் எண்ணினார். ஆனாலும் அவர் சொன்னதில் ஒரு பொருள் இருக்கிறது. மேயர் என்ற பதவியே, "இந்த ஊருக்கு இன்னது வேண்டும், அதற்கு இத்தனை ஆகும், ஆளுக்கு இத்தனை போடுவோம்" என்று ஜனங்களின் முகத்தைப் பார்த்துச் சொல்வதற்காக ஏற்பட்டது. மூன்று நூற்றாண்டுக்குப் பிறகும் நம் அபேட்சகர்கள் அந்த ஒன்றைத்தான் சொல்லக் கூசுகிறார்கள்.

இந்தக் கூச்சம் ஒரு கட்சியின் சொத்து என்று எண்ணிவிடாதீர்கள். 2018 ஜூலையில் அ.தி.மு.க. ஆட்சியில் சொத்து வரி உயர்ந்தது. வீடுகளுக்கு 50 சதவீதம் வரையிலும், கடை கண்ணிகளுக்கு 100 சதவீதம் வரையிலும் என்றார்கள். தி.மு.க. வீதிக்கு வந்து எதிர்த்தது. 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய வேளையில், உயர்வை நிறுத்திவைக்கிறோம், அதிகமாகக் கட்டியதைப் பின்னால் கழித்துக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்தது. 2021-ல் ஆட்சி மாறியது. 2022 பிப்ரவரி 19 அன்று நகரங்களுக்குத் தேர்தல் நடந்தது. மார்ச் மாதம் மேயர்கள் பதவி ஏற்றார்கள். ஏப்ரல் முதல் தேதியை ஒட்டி வரி உயர்வு வந்தது. இந்தத் தடவை வீதிக்கு வந்து எதிர்த்தது அ.தி.மு.க. நாற்காலிகள் இடம் மாறின. பேச்சும் கூடவே இடம் மாறியது. உயர்த்துகிறவர் நியாயம் சொல்வதும் எதிர்க்கிறவர் ஏழையின் கண்ணீரைச் சொல்வதும் இரு பக்கத்துக்கும் மனப்பாடம்.

அந்த 2022 உயர்வைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். பயப்படாதீர்கள், தீபாவளிச் சீட்டுக் கணக்கை விடச் சுலபம்தான். பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீதம். சென்னையோடு 2011-ல் சேர்ந்த பகுதிகளுக்கும் மற்ற ஊர்களுக்கும் முறையே 25, 50, 75, 100 சதவீதம். அதாவது பழைய சென்னையில் ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு அரை வருஷத்துக்கு 1,000 ரூபாய் கட்டி வந்த குடும்பம் 1,750 கட்டவேண்டும். இரண்டாயிரம் சதுர அடி வீட்டுக்கு 1,000 கட்டியவர் 2,500 கட்டவேண்டும். எல்லார் வீட்டிலும் அன்றைக்கு நெஞ்சு 'பகீர்' என்றது உண்மைதான்.

ஆனால் அதற்கு முந்தின வரி எப்போது நிர்ணயம் ஆனது தெரியுமா? சென்னையில் 1998-ல். மற்ற ஊர்களில் 2008-ல். இருபத்து நாலு வருஷம் சென்னையில் ஒருவரும் கைவைக்கத் துணியவில்லை. 2018-ல் கைவைத்தவர்களும் எடுத்துவிட்டார்கள். 1998-ல் இருந்து ஒவ்வொரு வருஷமும் நூற்றுக்கு இரண்டரை ரூபாய்க்கும் குறைவாகக் கூட்டிக்கொண்டே வந்திருந்தால், அந்த ஆயிரம் ரூபாய் 2022-ல் தானாகவே 1,750 ஆகியிருக்கும். யாருக்கும் தெரிந்துகூட இருக்காது. அந்த இருபத்து நாலு வருஷத்தில் நம் வீட்டில் பருப்பு விலை அப்படியே நின்றதா? பள்ளிக்கூடச் சம்பளம் நின்றதா? கார்ப்பரேஷனுக்கும் தெருவிளக்குக்கு மின்சாரக் கட்டணம் உண்டு, குப்பை வண்டிக்கு டீசல் உண்டு, தொழிலாளிக்குச் சம்பளம் உண்டு.

இப்போது தெரிகிறதா, எங்கள் ஊர் மேயர் ஐந்து வருஷம் வரியைத் தொடாமல் இருந்தது எப்படிப்பட்ட லாபம் என்று? அடுப்பைத் தணிக்கவும் மாட்டேன், பாலை இறக்கவும் மாட்டேன் என்று பார்த்துக்கொண்டு நின்றால் பால் என்ன ஆகும்? மூன்று தெருவில் மூன்று விதமாக வாக்குக் கொடுத்தவர், எதைச் செய்தாலும் இரண்டு தெருவுக்குத் துரோகி ஆவார். ஆகவே ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் அவருக்குப் பத்திரம். அவருக்குப் பத்திரமானது நமக்குப் பத்திரம் அல்ல. சேர்த்துவைத்த கணக்கு ஒரே நாளில் பொங்கி வழிந்தது.

இன்னொரு விஷயமும் உண்டு. வீட்டு வரியைப் பாதியாக்குவேன் என்று ஒரு மேயர் அபேட்சகர் சொன்னால், அது அவர் கையில் மட்டும் உள்ள காரியமே அல்ல. வரியின் வரம்பைச் சொல்வது மாநிலச் சட்டம். அதற்குள் தீர்மானம் போடுவது மாநகராட்சி மன்றம். அதற்கும் மேலே, நகரங்களுக்கு மத்திய மானியம் வேண்டுமானால் சொத்து வரிக்கு ஓர் அடிமட்ட அளவை நிர்ணயிக்கவேண்டும், மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வரியும் வளரவேண்டும் என்று பதினைந்தாவது நிதிக் கமிஷன் நிபந்தனை போட்டது. 2024-ல் சென்னையில் 6 சதவீதம் கூடியதும் இந்த ஏற்பாட்டின் தொடர்ச்சிதான். இத்தனை பூட்டுகள் உள்ள பெட்டியைத் தனியாகத் திறப்பேன் என்கிறவரிடம், "சாவி எங்கே?" என்று கேட்கவேண்டாமா?

மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறையும் நம் ஊரில் நிலையாக நின்றதில்லை. 1996-லும் 2001-லும் நேராக ஓட்டுப் போட்டோம். 2006-ல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2011-ல் மறுபடி நாமே. 2019-ல் சட்டம் மாறி, 2022-ல் மறுபடி கவுன்சிலர்கள். இப்படிக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கும்போது, மேயர் ஆகப்போகிறவர் உங்கள் வாசலுக்கே வரமாட்டார். வருகிறவர் கவுன்சிலர் பதவிக்கு நிற்பவர். கேட்கவேண்டியதை அவரிடம்தான் கேட்கவேண்டும்.

அவர் ஒரு பெண்ணாகவே இருக்கலாம். சென்னையின் முதல் பெண் மேயராக 1950-களில் தாரா செரியன் அமர்ந்தார். பிறகு 1971-ல் காமாட்சி ஜெயராமன். அதன் பின் அரை நூற்றாண்டு கழித்து 2022-ல் ஆர். பிரியா. அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டின் 21 மாநகராட்சிகளில் 11 மேயர் பதவிகள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. நாற்காலியில் பெண் அமர்ந்தால் போதுமா? வாசலில் நிற்கும் பெண்ணும் கணக்குக் கேட்கவேண்டும்.

இத்தனையும் சொன்னேனே, இனி என் குட்டையும் உடைத்துவிடுகிறேன்.

2022-ல் எங்கள் வரி அரை வருஷத்துக்கு 1,600-லிருந்து 2,800 ஆயிற்று. 1,200 ரூபாய் அதிகம். மாதத்துக்குப் பார்த்தால் 200. மாடியில் ஓர் இளந்தம்பதி குடியிருக்கிறார்கள். அந்தப் பெண் பள்ளி ஆசிரியை. "வரி ஏறிப்போச்சும்மா, என்ன பண்றது" என்று சொல்லி நான் வாடகையில் 500 ரூபாய் ஏற்றினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துக் கீழே வந்து, "மாமி, அந்த ரசீதைப் பார்க்கலாமா? எங்க பள்ளிக்கூடத்திலே பசங்களுக்குச் சதவீதக் கணக்குச் சொல்லிக்கொடுக்கணும்" என்றாள். கணக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் கேட்கிறாள் என்று நம்புகிற அளவுக்கு நான் அசடு அல்ல. ரசீதை எடுத்துக் கொடுத்தேன். அவள் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒரு வார்த்தை பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு மாடி ஏறிப்போனாள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வரி அநியாயம் என்று அண்டை வீட்டில் பேசினேன். அந்த அநியாயத்தின் பெயரைச் சொல்லி மாடியில் இரண்டரை மடங்கு வசூலித்தேன். தெருவிளக்கு இரண்டு நாள் எரியாவிட்டால், "இவர்களுக்கெல்லாம் எதற்கு வரி கட்டுகிறோம்!" என்று முதலில் குரல் கொடுக்கிறவளும் நான்தான். எனக்கும் மூன்று நாக்கு இருக்கிறது! அபேட்சகர் எங்கிருந்து கற்றுக்கொண்டார் என்கிறீர்கள்? நம் வாசலில் நின்று, நம் முகத்தைப் பார்த்துத்தான். வரி குறையவேண்டும், சாக்கடை நாறக்கூடாது, பணம் வேறு யாராவது கொடுக்கவேண்டும் என்று நாம் ஆசைப்படுகிறோம். அந்த ஆசையைத்தான் அவர் ஒலிபெருக்கியில் நமக்கே திருப்பிச் சொல்கிறார்.

மறுநாள் காலை மாடிக்குப் போய், "இருநூறு போதும்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் காப்பி கொடுத்தாள். நல்ல காப்பி.

சகோதரிகளே, அடுத்த தேர்தலில் உங்கள் வாசலுக்கு ஆள் வரும்போது நான்கே நான்கு கேள்விகளை மடியில் முடிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: வரியைக் குறைப்பேன் என்றால், எந்தச் செலவைக் குறைத்து? குப்பையா, விளக்கா, மழைநீர் வாய்க்காலா, மாநகராட்சிப் பள்ளிக்கூடமா?

இரண்டு: புதிதாக ஒன்று கட்டித் தருவேன் என்றால், யாரிடம் வாங்கி? எங்களிடம் என்றால் எவ்வளவு?

மூன்று: அது உங்கள் மன்றத்தின் கையில் உள்ளதா, மாநில சர்க்காரின் கையில் உள்ளதா? (சென்னைவாசிகள் இதைக் கட்டாயம் கேட்கவேண்டும். அங்கே குடிநீரும் பாதாளச் சாக்கடையும் கார்ப்பரேஷன் பொறுப்பு அல்ல. தனி வாரியம் பார்க்கிறது, தனி வரியும் வாங்குகிறது.)

நான்கு: இதே விஷயத்தைக் கடைத்தெருவிலும் வாய்க்கால் ஓரத்திலும் என்ன சொன்னீர்கள்?

நான்காவது கேள்விக்கு அவர் பதில் சொல்லாவிட்டாலும் பாதகமில்லை. அந்தப் பதில் உங்கள் சமையல் கட்டுக்குத் தானே வந்து சேரும். பாத்திரம் தேய்க்க வருகிறவளிடமும், காய்கறிக் கூடைக்காரியிடமும், மாடிக் குடித்தனக்காரியிடமும், "உங்கள் பக்கம் என்ன சொன்னார்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஓர் அபேட்சகர் மூன்று இடத்திலும், "வரி கொஞ்சம் ஏறும், ஆனால் இன்ன தேதிக்குள் இன்ன வேலை முடியும்" என்று ஒரே பேச்சாகச் சொன்னார் என்று தெரிந்தால், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் ஓட்டைப் பற்றி ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசியுங்கள். கசப்பு மருந்தைக் கசப்பு என்று சொல்லிக் கொடுக்கிற வைத்தியரைத்தான் நாம் குழந்தைக்கு நம்புகிறோம்.

எங்கள் வீட்டு ரசீது இப்போது பீரோவில் இல்லை. பால் கணக்கு நோட்டுக்குள் இருக்கிறது. வாய்க்கால் சுவர் இன்னும் வரவில்லை. ஒவ்வொரு மழைக்கும் அந்த அம்மாள் பேரனைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறாள். பையன் வளர்ந்துவிட்டான், இனித் தூக்க முடியாது, கையைப் பிடித்துத்தான் அழைத்து வரவேண்டும் என்கிறாள்.